கிருபை, அருள்

மூணாறு சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்துத் தமிழ் ஆராதனையில் காதில் விழும் சொல் ‘கிருபை’. அதே ஊரின் கத்தோலிக்கத் திருப்பலியில் அது ‘அருள்’. இரண்டும் புதிய ஏற்பாட்டின் ‘காரிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு வந்த தமிழ். தகுதி பாராமல் கடவுள் தானாகத் தரும் தயவு என்பது பொருள்.

கிருபை வடமொழி ‘க்ருபா’. இரக்கம் என்பது அதன் அடிப்படை. மலையாள வேதாகமத்திலும் அதே சொல்தான். அருளோ குறள் ஒரு தனி அதிகாரமே கொடுத்த சொல். தொடர்புடையார் மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர் மேலும் செல்வது அருள் என்று குறளின் உரையாசிரியர் பரிமேலழகர் பிரிக்கிறார். கிறிஸ்தவப் பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை.

ரோமர் நிருபம் 4ஆம் அதிகாரத்தில் பவுல் இன்னொரு கோடு கிழிக்கிறார்: உழைத்தவருக்குக் கூலி கடன், கிருபை அல்ல. தேயிலைத் தோட்டத்தில் இது உடனே புரியும். கிள்ளிய கொழுந்தைத் தராசில் ஏற்றி, கிலோவைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அதற்குரிய காசு யாருடைய தயவும் அல்ல. 2015இல் ‘பெண்பிளை ஒருமை’ என்று திரண்டு போனஸ் கேட்ட மூணாற்றுத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் கேட்டதும் கடனைத்தான். அவர்களிடம் ‘கிருபை போதும்’ என்று பொறுமை போதிப்பது, பவுல் பிரித்து வைத்த இரண்டையும் குழப்புவதாகும்.