கூதிரும் கணப்பும்: தமிழர் குளிர்காய்ந்த வரலாறு

கரமனையில் உட்கார்ந்துகொண்டு குளிரைப் பற்றி எழுதுவதா என்று மலர்க்குழு நண்பர் ஒருவர் சிரித்தார். சிரிப்பில் நியாயம் உண்டு. திருவனந்தபுரத்தில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதற்கே நாம் மப்ளர் தேடுகிறோம் என்பது வேறு கதை. ஆனால் நம் பிள்ளைகள் எல்லாரும் இன்று கரமனையிலா இருக்கிறார்கள்? என் மகள் டில்லியில் குடித்தனம் நடத்துகிறாள். போன தை மாதம் தொலைபேசியில், "அப்பா, ஹீட்டர் போட்டா கரண்ட் பில் எகிறுது. போடாட்டி பையன் நடுங்குறான். என்ன செய்யறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். பிழைப்போ போர்வை, சமுக்காளம், கம்பளி வியாபாரம். பிழை இருப்பின் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆறில் மூன்று

தமிழ்நாட்டில் குளிர்காலமே கிடையாது என்று பலர் எண்ணுகிறார்கள். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, அவற்றில் மூன்றைக் குளிருக்கே கொடுத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. குளிரை இவ்வளவு நுணுகிப் பார்த்தவர்கள் அதற்கு மாற்றும் கண்டிருக்க வேண்டும் அல்லவா?

நக்கீரர் காட்டும் வீடு

அந்த மாற்றைக் காண நெடுநல்வாடையைப் பார்க்க வேண்டும். பத்துப்பாட்டில் ஒன்றாகிய இது 188 அடிகள் கொண்டது. உ.வே. சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை அச்சிட்டிராவிட்டால் நமக்கு இது கிட்டியிராது.

அதில் வரும் கூதிர்கால நகரத்தில், கோடையில் தென்றலை வரவிட்ட சாளரங்கள் திறக்கப்படுவதில்லை. இரட்டைக் கதவுகள் தாழிட்டே கிடக்கின்றன. விசிறி தொங்கவிட்ட இடத்திலேயே தொங்க, அதில் சிலந்தி நூல் கட்டுகிறது. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. குறுகிய வாய்க் கன்னலில் இருக்கும் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. எல்லாரும் அகன்ற வாயுடைய தடவில் நெருப்பிட்டுக் காய்கிறார்கள். தடவு என்றால் கணப்புச் சட்டி.

இதில் ஒரு முறை இருப்பது நோக்கத்தக்கது. முதலில் காற்று வரும் வழியை அடைக்கிறார்கள். பிறகு உடம்பைக் குளிர்விக்கும் பொருள்களை விலக்குகிறார்கள். அதன் பிறகுதான் நெருப்பு, அதுவும் ஒரு சட்டி அளவே. மாளிகை முழுவதையும் சூடாக்க எவரும் முயலவில்லை. ஆட்களைத்தான் சூடாக்கினார்கள்.

விலையுள்ள சூடும் விலையில்லாச் சூடும்

சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மதுரையின் பருவங்களை அடுக்கிச் சொல்கிறார். கூதிரில் முகில் தோயும் மாடங்களில் இருப்போர் சாளரத்தை அடைத்து, அகில் விறகிட்ட தடவு நெருப்பருகே அமர்கின்றனர். அகில் சாமானிய விறகு அன்று. அது தொண்டியிலிருந்து வங்கங்களில் வந்த சரக்கு என்பதற்கும் அதே காதை சான்று. வியாபாரி என்ற முறையில் எனக்கு இது உடனே கண்ணில் பட்டது. கப்பலில் வந்த பொருளை எரித்துக் குளிர் காய்வது இருப்பவனுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஆனால் அடுத்துவரும் முன்பனியில், வளமனை மகளிரும் மைந்தரும் முற்றத்துக்கு வந்து இளவெயில் காய்கிறார்கள். இதற்குக் காசு இல்லை. அந்தக் காலத்தில் ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்வதையும் அடிகள் சேர்த்தே சொல்லிவிடுகிறார். இது வெறும் வருணனை அன்று, வீட்டுக்கு உதவும் செய்தி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீறு பூத்த நெருப்பு

வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் நயினார் குடும்பங்களில் தீயும் ஓர் உயிர் என்று சொல்லி வளர்ப்பார்கள். தேவைக்கு மேல் எரிப்பது பாவம். குளிரைத் தாங்குவது துறவிக்கு விதித்த 22 பரீஷகங்களில் ஒன்று. குமரி மாவட்டத்துச் சிதறால் மலைப்பாறையில் இருந்த முனிவர்கள் கணப்பு மூட்டியவர்கள் அல்லர். இல்லறத்தார் அவ்வளவு கடுமையாக இருக்க முடியாது. என் பாட்டி இரவுச் சமையல் முடிந்ததும் தணலைச் சாம்பலால் மூடுவாள். காற்றுப் படாததால் அது மெதுவாகக் கனன்று விடியும்வரை இருக்கும். அடுப்பங்கரைத் திண்ணை வெதுவெதுப்பாக இருக்கும், காலையில் தீக்குச்சியும் மிச்சம். நீறு பூத்த நெருப்பு என்று உவமை சொல்கிறோமே, அது இந்தச் சிக்கனத்தில் பிறந்தது என்பது என் எண்ணம்.

தோடர் வாசல்

சமவெளிக் குளிர் இவ்வளவுதான். மலைக்குளிர் வேறு. நீலகிரித் தோடர்களின் பழைய வீடு அரைவட்டக் கூரையும் புல்வேய்ந்த மேலும் கொண்டது. சாளரம் கிடையாது. வாசல் சுமார் மூன்று அடி உயரம். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஓர் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பே ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளிவிடுகிறது. சிறிய இடத்தில் ஐந்து பேர் என்றால் 500 வாட், செலவில்லாமல்! மேலே போர்த்த புத்துக்குளி என்னும் கனத்த பருத்திப் போர்வை. அதன் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மூணாறு லயத்தில் ஓர் இரவு

நம் கேரளத்திலேயே குளிரோடு மல்லுக்கட்டிய தமிழர்கள் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் 1880 வாக்கில் அங்கே தேயிலை ஊன்றப்பட்டது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து போன வெயில்காட்டு மக்கள் கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரத்தில் குடியேறினார்கள். அங்கே சில மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலையே கருகிவிடும்.

1984-இல் கம்பளி விற்கப் போன நான், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு வாடிக்கைக்காரர் ஒருவரின் லயத்தில் தங்கினேன். தகரக் கூரைக்கு அடியில் சாக்கைத் தைத்துக் கட்டியிருந்தார்கள். கதவிடுக்கில் பழந்துணி. கவாத்து செய்த தேயிலைக் குச்சிதான் விறகு. எல்லாரும் அடுப்பைச் சுற்றியே படுத்தார்கள். பக்கத்தில் கரிச்சட்டி ஒன்று. தூங்கும் நேரம் வந்ததும் வீட்டுப் பாட்டி சட்டியைத் தூக்கி வெளியே வைத்து, அடுப்புத் தணலையும் தண்ணீர் தெளித்து அவித்தார். "இருக்கட்டுமே பாட்டி" என்றேன். "உள்ள இருந்தா காலைல யாரும் எந்திரிக்க மாட்டோம் தம்பி. கம்பளி நீங்க வித்ததுதானே, போத்திக்கிட்டுப் படுங்க" என்றார்.

அந்தப் பாட்டி சொன்னதன் விஞ்ஞானம் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

விடிந்ததும்தான் இன்னொன்றைக் கவனித்தேன். அந்த வீட்டில் ஐந்து பேருக்கு இரண்டே கம்பளி. அதில் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார்கள். தவணைக்கென்று விலையை ஏற்றி விற்றவர்களில் நானும் ஒருவன். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் புலவர்கள் பாடினார்கள். கடன் பாக்கி வசூலிக்க வந்தவனுக்குப் போர்வை தந்தவர்களை யார் பாடுவார்? ஊர் திரும்பியதும் அந்தத் தோட்டத்துக் கணக்கில் ஏற்றிய தொகையைத் தள்ளிவிட்டேன். தர்மம் என்று சொல்லமாட்டேன். கணக்கை நேராக்கினேன், அவ்வளவுதான்.

மகளுக்குச் சொன்னது

இனி டில்லிக்கு வருவோம். 2,000 வாட் ஹீட்டர் இரவு எட்டு மணி நேரம் விடாமல் ஓடினால் 16 யூனிட். 100 வாட் மின்போர்வை அதே நேரத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. சிறு பிள்ளைக்குப் படுக்கையை அதனால் சூடாக்கிவிட்டு, படுக்கும்முன் அணைத்து எடுத்துவிடலாம். ஹீட்டரை எல்லா அறையிலும் போடாமல், எல்லாரும் ஒரே சின்ன அறையில் சேர்ந்து, தூங்கப்போகும்வரை மட்டும் போடுங்கள். கதவடியில் துணி வையுங்கள். இளங்கோவடிகள் சொன்னபடி குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால், தெற்குச் சன்னலின் திரையைப் பகலில் விலக்கினால் வெயில் வீட்டுக்குள் நெடுந்தூரம் வரும். பொழுது சாய்ந்ததும் மூடிவிடுங்கள். கரி அடுப்பு மட்டும் உள்ளே வேண்டவே வேண்டாம்.

"இதெல்லாம் புத்தகத்துல இருக்காப்பா?" என்றாள். பாதி புத்தகத்தில் இருக்கிறது, மீதி மூணாற்றுப் பாட்டியிடம் படித்தது என்றேன். வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் முதியோர் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிக் குளிர் காய்ந்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிவைத்தால், அடுத்த மலருக்கு நல்ல கட்டுரைகள் கிடைக்கும்.