படிக்கட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் கூடினால் சேரி வெளியேதான் நிற்க வேண்டியிருந்தது. அதே மண்டபத்தின் படிக்கட்டு, நடக்க முடியாதவரையும் வெளியே நிறுத்தியது. சேரியில் பிறந்த மாற்றுத்திறனாளிக்கு இரண்டு தடைகள்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் கிராம சபைக்குச் சட்டத்தில் இடம் தந்தது. ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு தந்தது, மாற்றுத்திறனாளிகளுக்குத் தரவில்லை. அவர்களை உள்ளாட்சிகளில் நியமிக்கும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு 2025 ஏப்ரலில்தான் கொண்டுவந்தது.

புதுச்சேரியின் கதை வேறு. இங்கே 1968க்குப் பிறகு நகராட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. பத்தாண்டு கடந்தும் அடுத்த தேர்தல் வரவில்லை. குருசுக்குப்பமானாலும் கிராமத்துச் சேரியானாலும், மக்கள் தாங்களே கூட்டும் கூட்டம்தான் அவர்கள் பேசும் இடம்.

அந்தக் கூட்டத்திலும் படிக்கட்டு இருந்தால் யாரைக் குறை சொல்வோம்? தரைத்தளத்தில், பகலில் கூடுவோம். சாய்தளம், கழிப்பறை, சைகைமொழி பெயர்ப்பாளர், வண்டிக்கூலி நான்கையும் செலவுக் கணக்கில் முதலில் எழுதுவோம். இடத்தை முடிவு செய்யுமுன், போன கூட்டத்துக்கு வர முடியாதவரின் வீட்டுக்குப் போய்க் கேட்போம்.