குதிரைக்குக் கால் வைக்க இடம்

ட்ரெய்லரில் குதிரை மிரளுவதில் ஒரு வினோதம் உண்டு. ஏறும்போது எந்தத் தகராறும் பண்ணாத குதிரை, வண்டி ஓட ஆரம்பித்த பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும். நேர்ச்சாலையில் சும்மா நிற்கும். வளைவு வந்ததும் ஒரு பக்கத்துச் சுவரில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் காலைப் போட்டுச் சுவர் ஏறப் பார்க்கும். லாடம் தகரத்தில் அடிபடும் சத்தம் ஓட்டுகிறவருக்கே கேட்கும். சில குதிரைகள் ஒரு பக்க வளைவில் மட்டும் இப்படிச் செய்யும், மறுபக்கம் திரும்பினால் ஒன்றுமே நடக்காது. ஊர் போய்ச் சேர்ந்ததும் வியர்வையில் நனைந்து, கால் நடுங்க இறங்கும். சொந்தக்காரர் அநேகமாகச் சொல்வது, "இதுக்குத் திமிருங்க."

கடல்வழிக் குதிரை வணிகத்தைப் பற்றிக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த ட்ரெய்லர் விவகாரம் எனக்கு அகப்பட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். குதிரையின் பக்கம் நின்று பாருங்க, இரண்டும் ஒன்றுதான். காலுக்குக் கீழே தரை நகர்கிறது, ஏன் நகர்கிறது என்று அதற்குத் தெரியாது, ஓடித் தப்பிக்கவும் முடியாது. நின்ற இடத்தில் விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனிதர்கள் பல நூறு வருஷமாகக் குதிரையை இந்த நிலையில் வைத்து ஏற்றிக்கொண்டுபோகிறார்கள். அதில் நன்றாகச் செய்தவர்கள் யாரும் குதிரையைத் திருத்தப் போகவில்லை. அது நிற்கிற இடத்தைத்தான் திருத்தினார்கள்.

நம்ம ஊர்க் கதையிலிருந்தே தொடங்கலாம். கடல் கடந்து வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே சொல்கிறது. ஆனால் அவை எப்படி ஏற்றப்பட்டன என்ற விவரம் கிடைப்பது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், மார்க்கோ போலோவிடம். ஹோர்முஸ் துறைமுகத்துக் கப்பல்களை அவர் பார்த்து மிரண்டுபோயிருக்கிறார். இரும்பாணி கிடையாது, பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஒரு பாய்மரம், ஒரு பாய். மேல்தளம் என்று ஒன்று இல்லவே இல்லை. சரக்கை நிரப்பி, அதன்மேல் தோல்களைப் பரப்பி, அந்தத் தோலின்மேல் இந்தியாவுக்கு விற்கப் போகும் குதிரைகளை நிறுத்துவார்கள் என்கிறார்.

இந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சரக்கின்மேல் தோல். அதுதான் தரை. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் கீழே இருக்கும் சரக்கும் கொஞ்சம் நகரும். நனைந்த தோலில் குளம்பு எப்படி நிற்கும்? அரபிக்கடலைத் தாண்டிக் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு பாண்டிய நாட்டுக் காயல் வரை அந்தக் குதிரை இப்படித்தான் வந்தது.

அது சாதாரண வியாபாரமும் இல்லை. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்லும் கணக்கில் வருஷத்துக்குப் 10,000 குதிரைகள், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். எண்ணிக்கை கூடுதல் குறைவாக இருக்கலாம், அந்தக் கால எழுத்தாளர்களுக்கு முழு எண்கள் மேல் ஆசை அதிகம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு நிபந்தனை. வழியில் கடலில் செத்துப்போகும் குதிரைக்கும் அரசு பணம் கொடுத்துவிடும்! விற்பவனுக்கு நஷ்டமே இல்லை என்றால் தரையைப் பற்றி எவன் கவலைப்படுவான்?

வாங்கிய குதிரைகள் வருஷம் முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போகின்றன என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, அப்படிப்பட்டவர்களை வணிகர்கள் வரவிடுவதும் இல்லை, ஏன்னா குதிரை சாகச் சாகத்தான் வியாபாரம் என்பது அவர் சொல்லும் காரணம். வேகவைத்த அரிசியைத் தீவனமாகப் போட்டதையும் குறிப்பிடுகிறார். அந்தப் பட்டியலில் கடல் பயணத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஊகம். பல வாரம் கால் ஊன்ற முடியாமல் நின்று வந்த மிருகம், இறங்கும்போதே பாதி செத்துதான் இறங்கியிருக்கும். நரி பரியான கதை நினைவிருக்கும்: பாண்டியனின் காசுக்கு வந்து சேர்ந்த குதிரைகள் ராத்திரியோடு ராத்திரியாக நரியாகி ஊளையிட்டன. கொட்டிக் கொடுத்து வாங்கிய குதிரை கையில் நிற்காமல் போவதை வருஷா வருஷம் பார்த்த நாட்டில் இப்படி ஒரு கதை எல்லோருக்கும் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அதே 13ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலில் வேறு முறை இருந்தது. 1248இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியின் சிலுவைப்போருக்காக மார்செய்யில் கப்பல் ஏறிய ழுவான்வில், தான் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்து குதிரைகளை நடத்தி உள்ளே கொண்டுபோனார்கள். பிறகு அந்தக் கதவை மூடி, பீப்பாயை அடைப்பது போல இடுக்கெல்லாம் அடைத்தார்கள். ஏன்னா கப்பல் கடலுக்குள் போனதும் அந்தக் கதவு தண்ணீருக்குக் கீழே போய்விடும். நமக்குக் கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் குதிரைக்கு இது எவ்வளவோ மேல்: தானே நடந்து ஏறுகிறது, கப்பலின் அடியில் நிற்பதால் ஆட்டமும் மேலே இருப்பதைவிடக் குறைவு.

19ஆம் நூற்றாண்டில் சென்னைக்குக் குதிரை வந்த திசை மாறியது. ஆஸ்திரேலியாவிலிருந்து பட்டாளத்துக்காக இறக்குமதியான குதிரைகளுக்கு 'வேலர்' என்று பெயர். முருகன் சம்பந்தம் எதுவும் இல்லை, நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் வேலர். அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், கரைக்கு வர மசூலாப் படகையும் கட்டுமரத்தையும் விட்டால் வழியில்லை. 1830களில் ஜே. பி. ஈஸ்ட் என்பவர், ஆஸ்திரேலியக் குதிரைகளைச் சென்னையில் இறக்கும் காட்சியைப் படமாகவே வரைந்திருக்கிறார். மசூலாவும் ஆணியில்லாமல் தைத்த படகுதான். பல வாரக் கடல் பயணத்துக்குப் பிறகு, கடைசிக் கொஞ்ச தூரம் சென்னை அலைகளைத் தாண்டுவது ஒரு தனிச் சோதனையாக இருந்திருக்க வேண்டும்.

சாலைக்கு வருவோம். பந்தயக் குதிரைகள் இங்கிலாந்தில் ஊர் விட்டு ஊர் நடந்தேதான் போய்க்கொண்டிருந்தன. 1836இல் எலிஸ் என்ற குதிரை டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் பந்தயத்தில் ஓட வேண்டும். அது இருந்ததோ தெற்கே குட்வுட்டில். நடத்திக்கொண்டு போனால் இரண்டு வாரம் ஆகும். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு வரை குதிரை குட்வுட்டிலேயே நின்றதால், அது வராது என்று நம்பிய பந்தயத் தரகர்கள் தாராளமாகப் பந்தயம் ஏற்றார்கள். குதிரையின் பொறுப்பில் இருந்த லார்ட் ஜார்ஜ் பென்டிங்க் அதற்குள் ரகசியமாக ஒரு பெரிய கூண்டு வண்டி செய்ய ஏற்பாடு பண்ணியிருந்தார். இழுக்க ஆறு குதிரைகள், வழியில் மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். சுமார் 250 மைல், மூன்று நாள். எலிஸ் வந்தது, ஓடியது, ஜெயித்தது.

பென்டிங்கின் தந்திரத்தைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது வண்டிக்குள் இருந்த ஏற்பாடு. உட்சுவர் முழுக்க மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். எலிஸைத் தனியாக ஏற்றவில்லை, டிரம்மர் என்ற இன்னொரு குதிரையையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். நடுவழியில் லிச்ஃபீல்டில் இறக்கி, கால் நீட்டி ஓடவிட்டு, மறுபடி ஏற்றினார்கள். மெத்தை, துணை, இடையில் ஓய்வு. இதயத் துடிப்பை அளக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில் ஒரு சூதாட்டக்காரர் கண்டுபிடித்தவை. பந்தயத்தில் பணம் கட்டியிருந்ததால் வந்த அக்கறை என்று வேண்டுமானால் சொல்லலாம். காயலில் இல்லாமல் போனது அந்த அக்கறைதான்.

இன்னொரு பயணமும் உண்டு, அதை இதில் விட மனசில்லை. 1910 நவம்பர் கடைசியில் கேப்டன் ஸ்காட்டின் டெரா நோவா கப்பல் 19 மட்டக் குதிரைகளோடு நியூசிலாந்திலிருந்து அண்டார்க்டிகா கிளம்பியது. முன்தளத்துக்குக் கீழே 15: ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் எட்டு, தலைகள் நடுவில் எதிரெதிரே, நடுவில் பராமரிப்பவர் நடக்க வழி. மிச்சம் நாலு திறந்த தளத்தில். கப்பலின் குறுக்கே நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. கப்பல் அதிகம் ஆடுவது பக்கவாட்டில். குறுக்கே நிற்கும் குதிரைக்கு அந்த ஆட்டம் முன்னும் பின்னுமாக வரும், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் பாரத்தை மாற்றி மாற்றிச் சமாளித்துக்கொள்ளும். பக்கவாட்டில் அப்படி முடியாது, குதிரை நீளமான பிராணி, அகலமான பிராணி இல்லை.

டிசம்பர் தொடக்கத்தில் புயல் அடித்தது. கப்பலே மூழ்கும் நிலை. குதிரைகளின் பொறுப்பாளர் ஓட்ஸ், குதிரைப்படையிலிருந்து வந்தவர், டாக்டர் அட்கின்சனோடு சேர்ந்து இரவெல்லாம் அவற்றின் நடுவே நின்றார். சறுக்கி விழும் குதிரையைத் தன் உடம்பு பலத்தால் தூக்கி நிறுத்தினார். இரண்டு செத்தன, 17 கரை சேர்ந்தன. இறங்கியதும் அவை செய்த முதல் வேலை பனியில் படுத்துப் புரண்டது. அதன் பிறகு அந்தக் குதிரைகளுக்கு என்ன ஆனது என்பது தெரிந்ததுதான், ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆனால் அந்த ஒரு இரவில் ஓட்ஸ் செய்தது சரியான வேலை.

இப்போது ட்ரெய்லர் வளைவில் நடப்பது புரியும். குதிரையின் எடையில் பாதிக்குமேல், சுமார் 60 சதவீதம், முன்னங்கால்களில் இருக்கிறது. வண்டி திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. விழாமல் இருக்க அந்தப் பக்கத்துக் காலை இன்னும் அகலமாக வைக்க வேண்டும். இரண்டு குதிரை ட்ரெய்லரில் நடுத்தடுப்பு தரை வரை இறங்கியிருந்தால், கால் வைக்கப் போன இடத்தில் பலகை இருக்கிறது. கால் முட்டுகிறது, மறுகால் சறுக்குகிறது, விழப்போகிறோம் என்று குதிரைக்குத் தெரிந்துவிடுகிறது. ஓடித் தப்பும் பிராணி, விழுந்தால் செத்தோம் என்றுதான் அதன் உடம்பு நினைக்கும். மிச்சமெல்லாம் அந்தச் சுவரேறும் கூத்து. ஒரு பக்க வளைவில் மட்டும் மிரளுவதும் அதனால்தான்: ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறது, மறுபக்கம் காலைத் தடுக்கும் பலகை இருக்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் இதைத் தீவிரமாகக் கையில் எடுத்தது 1980களிலிருந்துதான். கனடாவின் ஷாரன் கிரேகியர், குதிரையைப் பின்பக்கம் பார்த்தபடி நிறுத்த வேண்டும் என்று விடாமல் எழுதினார். பிரேக் போடும்போது தலையும் நெஞ்சும் மோதுவதற்குப் பதிலாக, சதைப்பிடிப்பான பின்பக்கம் அதைத் தாங்கிக்கொள்ளும் என்பது வாதம். 1996இல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில், பின்னோக்கி நின்ற குதிரைகளுக்கு இதயத் துடிப்பு குறைவாக இருந்தது. 1994இல் அமெரிக்காவில் நடந்த ஒன்றில் துடிப்பில் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் கட்டாமல் விட்டபோது ஓடும் வண்டியில் குதிரைகள் அதிக நேரம் பின்னோக்கியே நின்றன. ஆகவே இதுதான் ஒரே வழி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அது தானே தேர்ந்தெடுப்பதைக் கொஞ்சம் கவனிக்கலாம் என்பேன். ஒன்று மட்டும், முன்னோக்கி நிறுத்துவதற்காகச் செய்த வண்டியில் குதிரையைச் சும்மா திருப்பி நிறுத்திவிடக் கூடாது, எடை அச்சுக்குப் பின்னால் போய் வண்டியே தடுமாறும்.

மிரளும் குதிரை வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது நடுத்தடுப்பைக் கழற்றுவது, அல்லது அதன் கீழ்ப்பாதியையாவது எடுத்துவிடுவது. ஒரே குதிரை என்றால் முழு அகலத்தையும் அதற்கே கொடுத்துவிடலாம். தரையில் சறுக்காத ரப்பர் விரிப்பு வேண்டும். தலைக்கயிற்றை இழுத்துக் கட்டக் கூடாது. தலையை ஆட்டித்தான் குதிரை சமநிலை பார்க்கும். தவிர, தலை மேலேயே நின்றால் மூச்சுக்குழாயில் கிருமிகள் பெருகுவதை 1990இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது, பயணக் காய்ச்சலுக்கு அது ஒரு வாசல். நீண்ட பயணம் என்றால் நடுவில் நிறுத்தித் தலையைத் தாழ்த்தி மூக்கைச் சீந்தவிட வேண்டும். ஓட்டுகிறவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக் போடக் கூடாது. கிண்டியிலிருந்து ஊட்டி கோடைப் பந்தயத்துக்குக் குதிரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் போனவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தியது.

ஓடும் வண்டிக்குள் ஏறி அடக்கப் பார்ப்பது மட்டும் வேண்டாம், ஓட்ஸுக்கு வேறு வழியில்லை, நமக்கு இருக்கிறது. ஓரமாக நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ஏற்கெனவே பயந்துவிட்ட குதிரைக்கு இடத்தை அகலமாக்கிக் கொடுத்த பிறகும் கொஞ்ச நாள் பிடிக்கும். நேர்ச்சாலையில் ஐந்து நிமிஷப் பயணம், இறக்கி, தீவனம், மறுநாள் கொஞ்சம் கூடுதல். எலிஸுக்கு டிரம்மர் இருந்த மாதிரி அமைதியான ஒரு துணையும் இருந்தால் நல்லது. துணை கிடைக்காதவர்களுக்காக 2009இல் பிரிட்டனில் இன்னொன்றையும் சோதித்துப் பார்த்தார்கள். ட்ரெய்லருக்குள் ஒரு கண்ணாடியை மாட்டினார்கள். உயிருள்ள துணை அளவுக்கு இல்லை. ஆனாலும் தனியாகப் போன குதிரை, கண்ணாடியில் இன்னொரு குதிரை முகத்தைப் பார்த்ததும் கனைப்பதையும் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவதையும் குறைத்துக்கொண்டது.