அயலான் களத்தில் போரடித்தவர்கள்

அறுவடை முடிந்ததும் கதிரைக் களத்தில் பரப்பி, மாடு கட்டிப் போரடிப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். யுத்தகளத்தைப் பாட வந்த நம் பழம்புலவர்கள் இந்த நெற்களத்தைத்தான் உவமை சொன்னார்கள். இரண்டுக்கும் களம் என்றே பெயர்; இரண்டிலும் நடப்பது போர்தான். ஆனால் உழவனுடைய போரில் ஒரு நியாயம் உண்டு. பிறர் விளைச்சலை அவன் அடித்துக்கொண்டு போவதில்லை. அரசர்கள் செய்யும் போரில் அந்த நியாயத்தை எதிர்பார்க்க முடியாது. 1904-ஆம் ஆண்டில் ருஷியாவும் ஜப்பானும் மோதிக்கொண்டன. தரையில் நடந்த பெரும் சண்டைகளில் ஒன்றுகூட ருஷிய மண்ணிலோ ஜப்பானிய மண்ணிலோ நடக்கவில்லை. அடிபட்டது சீனாவுக்குச் சொந்தமான மஞ்சூரியா.

சண்டை ஏன் வந்தது? 1895-இல் சீனாவை வென்ற ஜப்பான், லியாவ்டுங் தீபகற்பத்தையும் அதன் முனையிலுள்ள போர்ட் ஆர்தர் துறைமுகத்தையும் எழுதி வாங்கிக்கொண்டது. உடனே ருஷியாவும் ஜெர்மனியும் பிரான்சும் ஒன்று சேர்ந்து மிரட்டி, சீனாவின் நிலத்தைச் சீனாவிடமே திருப்பிக் கொடுக்க வைத்தன. மூன்றே வருஷம்; அதே துறைமுகத்தை ருஷியா குத்தகைக்கு எடுத்துக்கொண்டது! ஜப்பானியர் வயிறு எரிந்ததைச் சொல்லவா வேண்டும்? 1900-இல் நடந்த பாக்ஸர் கலகத்தைச் சாக்கிட்டு மஞ்சூரியாவுக்குள் ருஷியத் துருப்புகள் புகுந்தன. வெளியேறுவதாக 1902-இல் கையெழுத்துப் போட்ட பிறகும் வெளியேறவில்லை. 'மஞ்சூரியா உனக்கு, கொரியா எனக்கு' என்று ஜப்பான் பேரம் பேசிப் பார்த்தது; படியவில்லை.

1904 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு, போர்ட் ஆர்தரில் நின்ற ருஷியக் கப்பல்கள்மீது ஜப்பானியப் படகுகள் டார்பிடோக்களை ஏவின. மூன்று பெரிய கப்பல்கள் சேதமடைந்தன. யுத்தப் பிரகடனம் இரண்டு நாள் கழித்து வந்தது. சீன அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? தான் நடுநிலை வகிப்பதாக அறிவித்தது. தன் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் கட்டிப் புரளும்போது, 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று வீட்டுக்காரன் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்ட கதைதான்.

ஏப்ரலில் ருஷியாவின் சிறந்த கடற்படைத் தளபதி மகாரோவ், கண்ணிவெடியில் தன் கப்பலோடு மூழ்கினார். அவரோடு அந்தக் கப்பலில் இருந்த ஓவியர் வெரஷ்சாகினும் மாண்டார். வெற்றி பெற்ற அரசர்களுக்கெல்லாம் காணிக்கை என்று சொல்லி, மண்டை ஓடுகளைக் கோபுரமாகக் குவித்துப் படம் தீட்டியவர் அவர். யுத்தம் எப்படி இருக்கும் என்று உலகத்துக்குக் காட்டியவரையே யுத்தம் விழுங்கிவிட்டது.

தரையில் போர்ட் ஆர்தரை முற்றுகையிட்டவர் ஜெனரல் நோகி. பத்து வருஷங்களுக்கு முன் சீனரிடமிருந்து இதே கோட்டையை ஒரே நாளில் பிடித்த படையில் அவரும் ஒரு தளபதி. இந்தத் தடவை கோட்டைக்குள் இருந்தவை இயந்திரத் துப்பாக்கிகள்; வெளியே முள்கம்பி வேலி. மூத்த மகன் மே மாதத்தில் நான்ஷான் சண்டையில் விழுந்தான். இளையவன் நவம்பர் இறுதியில் '203 மீட்டர் குன்று' என்ற மேட்டில் விழுந்தான். டிசம்பர் 5-ஆம் தேதி அந்தக் குன்று கைக்கு வந்தது. 1905 ஜனவரி 2-ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. ஜப்பான் கொண்டாடியது. நோகி கொண்டாடவில்லை. 1912-இல் மெய்ஜி சக்கரவர்த்தியின் சவ ஊர்வலம் புறப்பட்ட அன்று, அவரும் அவர் மனைவியும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

வடக்கே லியாவ்யாங்கிலும் முக்டெனிலும் நடந்தவை பெரும் சண்டைகள். முக்டெனில் மட்டும் இருதரப்பிலுமாக ஆறு லட்சம் பேருக்கு மேல் மோதினார்கள். லியாவ்யாங்கில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற சோளக் கொல்லைகளுக்குள் சிப்பாய்கள் ஒளிந்து நின்று சுட்டார்கள். அந்தச் சோளம் யார் விதைத்தது? சீனக் குடியானவன் விதைத்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகள் இருவர் இரண்டுபட்டார்கள், ஊருக்குத் திண்டாட்டம்.

இதற்கிடையில் ருஷியாவின் பால்டிக் கப்பற்படை 1904 அக்டோபரில் கிளம்பியிருந்தது. புறப்பட்ட சில நாட்களிலேயே வடகடலில் இங்கிலீஷ் மீன்பிடி படகுகளை ஜப்பானியக் கப்பல்கள் என்று மயங்கிச் சுட்டுத் தள்ளியது. பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றி, மடகாஸ்கரில் காத்துக் கிடந்து, இந்து மகாசமுத்திரத்தைக் கடந்து, ஏழு மாதம் பயணம் செய்தது. எதைக் காப்பாற்றப் புறப்பட்டதோ அந்தத் துறைமுகம் வழியிலேயே பறிபோய்விட்டது. 1905 மே 27, 28 தேதிகளில் ஸுஷிமா ஜலசந்தியில் அட்மிரல் டோகோ அந்தப் படையை அழித்தார். முப்பத்தெட்டுக் கப்பல்களில் மூன்றுதான் விளாடிவாஸ்டாக் போய்ச் சேர்ந்தன.

ஆசியா முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. படிப்புக்காக இங்கிலாந்து போய் இறங்கிய பதினைந்து வயது ஜவாஹர்லால் நேரு, டோவரிலிருந்து லண்டனுக்குப் போகும் ரயிலில் இந்தச் செய்தியைப் படித்து அகமகிழ்ந்தார். வெள்ளையரை வெல்ல முடியும் என்ற நினைப்பே அடிமைப்பட்டவனுக்கு அமிர்தம் அல்லவா? அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வென்றவன் யாருடைய களத்தில் நின்று வென்றான் என்று கேட்க அன்று அநேகருக்குத் தோன்றவில்லை.

வென்றவனுக்கும் மூச்சு முட்டியது. ஜப்பானின் கஜானா கடனில் மூழ்கியிருந்தது. ருஷியாவிலோ, ஜனவரியில் ஜாரிடம் மனுக் கொடுக்க வந்த ஜனங்களைத் துருப்புகள் சுட்டதிலிருந்து புரட்சி புகைந்துகொண்டிருந்தது. அமெரிக்க ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் இருவரையும் போர்ட்ஸ்மத் என்ற ஊருக்கு அழைத்தார். ருஷியாவின் விட்டேயும் ஜப்பானின் கொமூராவும் செப்டம்பர் 5-ஆம் தேதி கையெழுத்திட்டார்கள். ஜப்பானுக்குப் பாதி சகலின் தீவும், போர்ட் ஆர்தர் குத்தகையும், தென்மஞ்சூரிய ரயில் பாதையும், கொரியாவில் மேலாதிக்கமும் கிடைத்தன. நஷ்ட ஈடாக ஒரு காசு கிடைக்கவில்லை. அதற்காக டோக்கியோவில் ஜனங்கள் கலகம் செய்து போலீஸ் சாவடிகளைக் கொளுத்தினார்கள். ரூஸ்வெல்டுக்கு மறு வருஷம் சமாதானத்துக்கான நோபல் பரிசு வந்தது.

கொரியாவை யாரும் கேட்கவில்லை. 1910-இல் அது ஜப்பானோடு இணைக்கப்பட்டது. சீனாவின் சம்மதம் வேண்டும் என்று உடன்படிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். அந்தச் சம்மதத்தை டிசம்பரில் பீகிங்கில் வாங்கிக்கொண்டார்கள். அடித்தவர்கள் போன பிறகு களமாவது உரியவனுக்குக் கிடைத்ததா? 1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடிக்கப் படையெடுத்தது. 1945-இல் ருஷியா மறுபடி புகுந்தது. போர்ட் ஆர்தர் சீனாவின் கைக்குத் திரும்பியது 1955-இல்தான்.

அன்று ஜப்பானில் ஸெண்டாய் நகரத்து மருத்துவப் பள்ளியில் ஒரு சீன மாணவன் படித்துக்கொண்டிருந்தான். பாடம் முடிந்து நேரம் மிஞ்சினால் ஆசிரியர் யுத்தப் படங்களை விளக்கொளியில் திரையில் காட்டுவார். ஒரு நாள் வந்த படத்தில், ருஷியாவுக்கு உளவு சொன்னதாக ஒரு சீனனைத் தலை வெட்டப் போகிறார்கள். சுற்றிலும் நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் சீனர்களே. வகுப்பிலிருந்த மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்த மாணவன் மருத்துவத்தை விட்டான். உடம்பைக் குணப்படுத்துவதைவிட இந்த மரத்துப்போன மனத்தைத் தட்டி எழுப்புவதே முதல் வேலை என்று பேனாவை எடுத்தான். நவீன சீன இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் லூ சுன் அவர்தான்.

தளபதிகள் கோட்டைகளை எண்ணினார்கள்; ராஜதந்திரிகள் ரயில் பாதைகளை எண்ணினார்கள். களத்துக்கு உரியவனின் முகத்தைப் பார்த்தவன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கதாசிரியன்.