அன்றே வீடு திரும்பும் எடைக்குறைப்பு அறுவை

காலையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டவர், மாலையில் தன் வீட்டுப் படியேறுகிறார். அமெரிக்கா, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற நாடுகளில் இது இப்போது நடக்கும் காரியம். பேரியாட்ரிக் அறுவை எனப்படும் உடற்பருமன் அறுவைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அன்றே டிஸ்சார்ஜ் என்பதோ கடைசி இருபது சொச்சம் ஆண்டுச் சங்கதி. அது பாதுகாப்பானதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 'அன்றே' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருந்தது அதற்கு ஒரு காரணம்.

அறுவை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் எடைக்குறைப்பில் தொடங்கியதல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிகோல் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளுக்குச் செய்த 8,988 அறுவைகளைப் பற்றி 1909-இல் அறிக்கை வெளியிட்டார். அத்தனை பேரையும் படுக்கையில் சேர்க்காமலே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். குழந்தையைத் தாய் பார்த்துக்கொள்வதுபோல வார்டு பார்த்துக்கொள்ளாது என்பது அவர் கட்சி. ஆனால் தாயின் கையில் கொடுத்ததோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. செவிலியர்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்து வந்தார்கள். நூறாண்டு கழித்து இந்த விஷயம் வேறு உருவில் திரும்பி வரும். 1970-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீட், ஜான் ஃபோர்ட் என்ற இரு மயக்க மருந்து நிபுணர்கள், ராத்தங்கலே இல்லாத தனி அறுவை நிலையம் ஒன்றைத் திறந்தார்கள்.

அந்தக் காலத்தில் எடைக்குறைப்பு அறுவையை யாரும் அந்த வாசலுக்குக் கொண்டுபோக நினைத்திருக்க முடியாது. 1950-களில் மினசோட்டாவில் சிறுகுடலைச் சுற்றுவழியில் இணைத்தார்கள். 1966-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸைத் தொடங்கினார்கள். எல்லாம் வயிற்றைத் திறந்து செய்தவை. காயம் ஆறவே நாள் கணக்கில் படுக்கை வேண்டும்.

1993 நிலைமையை மாற்றியது. பெல்ஜியத்தில் மிட்டிகு பெலாச்சு, இரைப்பையின் மேற்பகுதியில் மாட்டும் வளையத்தை லேப்ராஸ்கோப்பி எனும் துளைவழி அறுவை மூலம் பொருத்தினார். அதே ஆண்டு சான் டியாகோவில் ஆலன் விட்குரோவும் வெஸ்லி கிளார்க்கும் பைபாஸையே சிறு துளைகள் வழியாகச் செய்து காட்டினார்கள். வளையத்தில் வெட்டும் இல்லை, தையலிட்டு இணைக்கும் குடலும் இல்லை, கசிய எதுவுமில்லை. 2001-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்ததும் அது சிறு அறுவை நிலையங்களுக்குப் பரவியதில் வியப்பில்லை. பிற்பாடு வளையம் நழுவியும் அரித்தும் பலருக்குக் கழற்றப்பட்டது வேறு கதை. அன்றே அனுப்பலாம் என்ற துணிச்சலைத் தந்தது வளையம்தான்.

துணிச்சல் பைபாஸுக்கும் தாவியது. 2005-இல் டாலஸ் மருத்துவர்கள் 2,000 பைபாஸ் நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். 84 விழுக்காட்டினர் 23 மணி நேரத்துக்குள் வீடு சேர்ந்திருந்தார்கள். கட்டுரையின் தலைப்பில் 'வெளிநோயாளி' என்ற சொல் இருந்தாலும், 23 மணி நேரம் என்றால் நடுவில் ஓர் இரவு அடங்கிவிடும். கணக்கேட்டில் வெளிநோயாளி, கட்டிலில் உள்நோயாளி.

இரவே இல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும்? 2014-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் மார்ட்டன் குழுவினர் 51,788 லேப்ராஸ்கோப்பி பைபாஸ் பதிவுகளை அலசினார்கள். இரண்டு நாள் தங்கியவர்களோடு ஒப்பிட்டால், அன்றே போனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 13 மடங்கு. இது பழைய பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வு. யாரை ஏன் அனுப்பினார்கள் என்பதைப் பதிவேடு முழுதாகச் சொல்லாது. ஆனாலும் அந்த எண் துறையை உலுக்கியது.

ஓர் இரவில் அப்படி என்ன இருக்கிறது என்றால், சிக்கல்களுக்குத் தனித்தனிக் கடிகாரம் உண்டு. இரைப்பையை வெட்டி ஸ்டேப்ளர் போட்ட கோட்டில் ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் தெரிந்துவிடும். நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது முதல் எச்சரிக்கை. உடற்பருமன் உள்ளவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அபினி வகை வலிநிவாரணியும் மயக்க மருந்தின் மிச்சமும் சேர்ந்தால் முதல் இரவுதான் ஆபத்தானது. இந்த இரண்டுக்கும் வார்டு உதவும். ஆனால் இரைப்பைச் சாறு கசிவது பல நாள் கழித்தும் வரும்; காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைப்பது வாரங்கள் கழித்தும் நேரும். இரண்டு இரவு தங்கியவரும் அப்போது வீட்டில்தான் இருப்பார். குமட்டல் தண்ணீரைக்கூட இறங்க விடாமல், உடல் வறண்டு திரும்பி வந்து ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்பவர்களும் கணிசம்.

குடலைத் தொடாமல் இரைப்பையின் பெரும்பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் ஸ்லீவ் முறை பரவியதும் வழக்கு மறுபடி சூடுபிடித்தது. பிரான்சின் ஆமியேன் பல்கலைக்கழக மருத்துவமனை, அன்றே அனுப்பும் திட்டத்தில் ஸ்லீவ் செய்துகொண்ட 100 பேரின் அனுபவத்தை 2015-இல் வெளியிட்டது. 2018-இல் அமெரிக்க அறுவை நிலையங்கள் 3,162 ஸ்லீவ் அறுவைகளைத் தொகுத்து, பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்றன. அதே ஆண்டு அமெரிக்கத் தேசியப் பதிவேட்டை ஆராய்ந்த இன்னொரு குழு, மறுநாள் போனவர்களைவிட அன்றே போனவர்களிடம் இறப்பு கூடுதல் என்றது. இரண்டையும் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. முதலாவதில் ஆளைத் தேர்ந்தெடுத்துத் திட்டமிட்டு அனுப்பினார்கள். பதிவேட்டிலோ எல்லா வகை மருத்துவமனையும் எல்லா வகை நோயாளியும் கலந்திருக்கிறார்கள்.

ஆகவே இன்று முதலில் நடப்பது சல்லடை. கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், முன்பு ரத்தம் உறைந்த வரலாறு, மிக அதிக எடை, வீட்டில் துணையில்லாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் ராத்தங்கல்தான். தேறியவர்களுக்கு அபினி வகை மருந்தைக் குறைத்து வயிற்றுச்சுவரில் மரத்துப்போகும் ஊசி, குமட்டலுக்கு முன்கூட்டியே மருந்து, உறைவைத் தடுக்க வீட்டில் போட்டுக்கொள்ள ஊசி. ஆம்ஸ்டர்டாமில் பைபாஸ் நோயாளிகளை அன்றே அனுப்பிப் பார்த்தபோது, தொலைவிலிருந்தே கண்காணிக்கும் ஏற்பாடும் கூடப் போனது. நிகோலின் செவிலியர்கள் செய்ததை இப்போது கைபேசியும் காணொளியும் செய்கின்றன. அன்றே போகிறவர்களின் பெயர் அறுவைப் பட்டியலில் காலை முதல் இடங்களில் வரும். ரத்தக் கசிவு இருந்தால் அது காட்டிக்கொடுக்க, மாலைக்குள் சில மணி நேரம் வேண்டுமே. பிற்பகலில் அறுவை முடிந்தவருக்குப் பெரும்பாலும் கட்டில்தான்.