யாழ் செய்யக் கணக்குப் போட்ட துறவி



நம் கடலூர் மாவட்டத்துக்கும் யாழுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரிந்திருக்காது. விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இராஜேந்திரப்பட்டினம் இருக்கிறதல்லவா? அதுதான் பழைய திருஎருக்கத்தம்புலியூர். ஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சொந்த ஊர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழில் அடங்காமல் போக, மனம் நொந்து யாழையே உடைக்க அவர் ஓங்கினார் என்கிறது பெரியபுராணம்.

இதை வெறும் கதை என்று தள்ளிவிடாதீர்கள். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள் இல்லை; ஒரே தந்தியில் பல சுரங்களையும் கமகங்களையும் கொண்டுவர வழியில்லை. வீணை பரவியபோது யாழ் ஒதுங்கியதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். வாங்குவார் இல்லையென்றால் செய்வாரும் இல்லை. பழைய யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை.

அதை மீட்க உட்கார்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892ல் பிறந்தவர். துறவியாகும் முன் விஞ்ஞான ஆசிரியர். 1931ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்தார்.

பார்த்துச் செய்ய யாழ் இல்லை. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் பத்துப்பாட்டும்தான் இருந்தன. பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகள் வரிசையாக வருகின்றன: பத்தர் என்னும் குடம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், வளைந்த கோடு, நரம்பை இறுக்கும் திவவு. நரம்பின் நீளத்துக்கு என்ன செய்வது? அங்கேதான் கணக்கு வருகிறது. ஒரே இறுக்கத்தில் உள்ள தந்தி 24 அங்குலத்தில் 'ச' என்றால், 18ல் 'ம', 16ல் 'ப', 12ல் மேல் 'ச'.

ஜப்பானியரின் கோட்டோவும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. 13 தந்திகள், ஒவ்வொன்றின் அடியிலும் நகர்த்தக்கூடிய ஒரு குதிரை. ஆனால் அங்கே செய்யும் கை ஓயவில்லை. பவுலோனியா மரத்தைக் குடைந்து இன்றும் செய்கிறார்கள்.

விபுலாநந்தரின் பல்லாண்டு உழைப்பான 'யாழ்நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அவர் கணக்குப்படி செய்த கருவிகளை அங்கே வாசித்துக் காட்டினார்கள். அடுத்த மாதம் 19ஆம் தேதி அவர் காலமானார்.

விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பலகை, ஒரு கிட்டார் கம்பி, இரண்டு ஆணி, ஒரே உயரத்தில் மூன்று மரத்துண்டுகள் போதும். இரண்டு துண்டுகளை 24 அங்குல இடைவெளியில் வைத்துக் கம்பியை இறுக்குங்கள். மூன்றாவதை 18, 16, 12 என்று நகர்த்தித் தட்டினால் சுரங்கள் தாமே வரும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கை மறந்ததைத் திரும்பச் செய்ய முடிந்ததற்குக் காரணம், புலவர்கள் அதை எழுதி வைத்திருந்ததுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாய் முடைதல், தறி நெய்தல், மேளத்துக்குத் தோல் கட்டுதல் என்று ஏதாவது கைவேலை தெரிந்திருந்தால், அளவுகளோடு கேட்டு எழுதி அடுத்த இதழுக்குக் கொடுங்கள்.