படம் வந்துவிடும், பெயர் வருமா?

வங்கி உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு 'மைக்ரேஷன்' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ஊர் விட்டு ஊர் போவது. இன்னொன்று, ஒரு மென்பொருளில் இருக்கும் கணக்குகளை இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டு போவது. கான்பூர், புவனேஸ்வர், இப்போது நாக்பூர் என்று முதல் வகையில் எனக்கு இருபது வருட அனுபவம். இரண்டாவது வகையை வீட்டிலும் செய்ய வேண்டி வந்தது. பழைய கணினியில் பிகாசாவில் வைத்திருந்த குடும்பப் புகைப்படங்களை எல்லாம் போன மாதம் ஒரு புதிய மென்பொருளுக்கு மாற்றினேன். அதற்காகக் கொஞ்சம் துருவிப் படித்ததில் ஒரு சுவாரசியமான வரலாறு கிடைத்தது. வெளிமாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். நம் வீட்டுப் பழைய படங்களைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஏதாவது இருக்கும். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் ஒரு தேதி, சில சமயம் பெயர்கள். படத்தை ஓர் ஆல்பத்திலிருந்து பிய்த்து வேறு ஆல்பத்தில் ஒட்டினாலும் அந்த எழுத்து கூடவே போகும். படமும் குறிப்பும் ஒரே காகிதத்தில் இருப்பதுதான் காரணம்.

இதன் அருமை தெரிந்த ஆள் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார். ஹென்றி கெய்ஸ்மன் என்ற அமெரிக்கர். படம் எடுத்த கையோடு, கேமராவின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, ஒரு உலோகக் குச்சியால் இரண்டு வார்த்தை எழுதலாம். கதவைத் திறந்தபடி சில விநாடி வெளிச்சத்தில் காட்டினால், எழுதியது ஃபிலிமிலேயே, படத்துக்கும் படத்துக்கும் நடுவில் பதிந்து விடும். கோடக் கம்பெனி இந்தக் கண்டுபிடிப்பை 3 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, 1914-ல் 'ஆட்டோகிராஃபிக்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. அந்தக் காலத்து 3 லட்சம் டாலர்! ஒரு வரி எழுத இடம் கொடுப்பதற்கு அவ்வளவு விலை. ஆனால் ஜனங்கள் குச்சியை எடுத்து எழுதச் சோம்பல் பட்டார்கள் போலிருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் அந்த ஃபிலிம் நின்று போனது.

டிஜிட்டல் காலத்தில் இதே பிரச்சனை வேறு வேஷத்தில் வந்தது. படத்தைச் சுருக்கி வைக்கும் ஜேபெக் முறை 1992-ல் தரநிலை ஆனது. அதே காலகட்டத்தில், செய்திப் படங்களோடு தலைப்பு, ஊர், எடுத்தவர் பெயர் எல்லாம் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும் என்று பத்திரிகை உலகத்துக்காரர்கள் ஐ.பி.டி.சி. என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். 1995-ல் ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர்கள் எக்ஸிஃப் என்பதைக் கொண்டு வந்தார்கள். கேமரா தானாகவே தேதி, நேரம், லென்ஸ் விவரங்களை எழுதி வைக்கிறதே, அது இதுதான். 2001-ல் அடோபி நிறுவனம் எக்ஸ்.எம்.பி. என்று இன்னும் விரிவான ஒன்றை வெளியிட்டது. பெயர்களை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டியதில்லை. மூன்றுமே படக் கோப்புக்கு உள்ளேயே உட்காரக் கூடியவை என்பது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும். பின்பக்கப் பென்சில் எழுத்துக்குச் சமம்.

கேமரா தேதியை எழுதும். அத்தையின் பெயரை எழுதாது. அதை நாம்தான் எழுத வேண்டும். எங்கே எழுதுவது என்பதில்தான் மென்பொருள்கள் உள்ளே வந்தன.

2002 ஜனவரியில் ஆப்பிள் ஐஃபோட்டோவை அறிமுகப்படுத்தியது. அதே வருடம் பிகாசாவும் வந்தது. 2004 ஜூலையில் கூகுள் பிகாசாவை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. இரண்டுக்கும் சுபாவம் வேறு. ஐஃபோட்டோ நம் படங்களை வாங்கித் தன்னுடைய பெட்டகத்துக்குள் அடுக்கி வைத்துக் கொள்ளும். பிகாசா நம் ஃபோல்டர்களை அப்படியே இருந்த இடத்தில் விட்டுவிட்டு, வெளியிலிருந்து ஒரு பட்டியல் மட்டும் போட்டுக் கொள்ளும். எங்கள் பாஷையில் சொன்னால், ஒன்று லாக்கர், இன்னொன்று ரிஜிஸ்டர்.

2009-ல் இரண்டிலும் முகங்களுக்குப் பெயர் வைக்கும் வசதி வந்தது. ஜனவரியில் ஐஃபோட்டோவில், செப்டம்பரில் பிகாசா 3.5-ல். ஒரு முகத்துக்குப் பெயர் கொடுத்தால், அதே முகம் இருக்கும் மற்ற படங்களைத் தானாகத் தேடிப் பிடித்து 'இவரா?' என்று கேட்கும். அப்போது இது பெரிய அதிசயம்.

ஆனால் அந்தப் பெயர் எங்கே எழுதப்பட்டது? பிகாசாவில் ஜேபெக் படத்துக்கு அடியில் நாம் அடிக்கும் விளக்க வரி, படக் கோப்புக்குள்ளேயே போய்ச் சேரும். முகத்துக்கு வைத்த பெயரோ, ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் 'பிகாசா.ஐ.என்.ஐ.' என்ற சின்னக் கோப்பில் எழுதப்படும். ஆல்பம் பிரித்த கணக்கு கணினியின் வேறொரு மூலையில் இருக்கும். ஐஃபோட்டோவில் முகப்பெயர்கள் பெட்டகத்தின் டேட்டாபேஸில் இருந்தன. மொத்தத்தில், படத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்துக் கொண்டு போனால் முகத்துக்கு வைத்த பெயர் பின்னாலேயே நின்று விடும்.

இது ஏன் எனக்கு முக்கியம் என்று சொல்லி விடுகிறேன். 2010 கோடையில் அப்பா பெரியகுளத்திலிருந்து எங்களோடு இரண்டு மாதம் தங்க வந்தார். வரும்போது ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய படங்கள் கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்கேன் செய்வேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகச் சொல்வார். "இது பெரிய அத்தை கல்யாணம், 1962. பந்தியில இலை போடுறது உங்க சின்னத் தாத்தா. அந்த ஓரமா தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான் ஜவுளிக்கடை மாமா." ஜவுளிக்கடை மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பணம் கட்டியவர். அவர் கட்டியிருக்காவிட்டால் அப்பாவுக்குப் படிப்பு இல்லை, எனக்கு பி.காம். இல்லை, இந்த உத்தியோகமும் இல்லை. அவர் முகம் இருக்கும் படம் அந்த ஒன்றுதான். எந்தத் திசையில் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது.

அப்பா 2014-ல் காலமானார். அவர் சொன்ன நூற்றுச் சொச்சம் பெயர்களும் பிகாசாவில் இருந்தன.

2016 மார்ச் 15-ஆம் தேதியோடு பிகாசாவுக்கான ஆதரவை நிறுத்துவதாக கூகுள் அறிவித்தது. ஏற்கெனவே நிறுவிய கணினிகளில் அது தொடர்ந்து ஓடியது. புதிய பதிப்புகள் மட்டும் வரவில்லை. பிகாசாவுக்கு மட்டும் நேர்ந்த கதியில்லை இது. வரிசையாகப் பாருங்கள். கோடக் கம்பெனி 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. அதன் இணைய ஆல்பச் சேவை அதே வருடம் ஜூலையில் மூடப்பட்டது. நம்மில் பலர் படங்களைக் கொட்டி வைத்திருந்த ஆர்குட் 2014 செப்டம்பரில் முடிந்தது. ஐஃபோட்டோவுக்குப் பதில் 2015-ல் ஆப்பிளின் ஃபோட்டோஸ் வந்தது. விண்டோஸ் ஃபோட்டோ கேலரிக்கு ஆதரவு 2017 ஜனவரியில் நின்றது. 2013-ல் ஆளுக்கு ஒரு டெராபைட் இலவசம் என்ற ஃபிளிக்கர், கை மாறிய பிறகு 2018-ல் இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று வரம்பு அறிவித்தது. 2015 மே மாதம் தொடங்கிய கூகுள் ஃபோட்டோஸின் கணக்கில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. புதிதாக ஏற்றும் படங்கள் 15 ஜி.பி. கணக்கில் சேர ஆரம்பித்தன.

இதில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. வியாபாரம் என்றால் கடை திறப்பதும் மூடுவதும் சகஜம். பெரும்பாலும் படங்களை எடுத்துக் கொண்டு போக அவகாசமும் கொடுத்தார்கள். ஆனால் படத்தோடு நாம் எழுதியதும் வந்ததா என்பது தனிக் கேள்வி.

இங்கே என் தொழில் அனுபவம் கை கொடுத்தது. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கைக்குப் பிறகு வங்கிகளில் லெட்ஜர் பதிவு இயந்திரங்கள் வந்தன. பிறகு கிளை முழுக்கக் கணினி, அதற்கப்புறம் 2000-களில் கோர் பேங்கிங். நான் வேலைக்குச் சேர்ந்த சமயம் அந்த மாற்றம் மும்முரமாக நடந்து கொண்டிருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து பாக்கித் தொகைகளைச் சரி பார்ப்போம். பைசா சுத்தமாக டாலி ஆகும். ஆனால் பழைய லெட்ஜரின் ஓரத்தில் யாரோ ஒரு குமாஸ்தா பென்சிலில் எழுதியிருப்பார்: 'கண் பார்வை குறைவு, பேரன் கூட வருவான்' என்று. அந்த வரிக்குப் புதிய திரையில் இடம் இருக்காது. பாக்கி வந்து விடும், மனிதர் வர மாட்டார். காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஜர்னல் என்ட்ரி போட்டால் கீழே நரேஷன் எழுதியாக வேண்டும். அது இல்லாவிட்டால் வாத்தியார் மார்க் குறைப்பார். கூட்டல் சரியாக இருந்தாலும், பணம் எதற்குப் போனது என்று பத்து வருடம் கழித்துச் சொல்வது அந்த ஒரு வரிதான். புகைப்படத்துக்கும் அப்படித்தான்.

எனவே புதிய மென்பொருளை நிறுவுவதற்கு முன்னால், பழையதில் ஒரு வேலை செய்தேன். பிகாசாவின் பிந்தைய பதிப்புகளில் முகப்பெயர்களைப் படக் கோப்புக்குள்ளேயே எக்ஸ்.எம்.பி. வடிவில் எழுதி வைக்கும் வசதி உண்டு. மொத்தப் படங்களையும் வேறு வன்தட்டில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, எல்லாப் பெயர்களையும் அப்படி உள்ளே எழுத வைத்தேன். அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் சேர்ந்த ஒரு குழு, முகமும் பெயரும் கோப்புக்குள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று 2010-லேயே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் எதுவானாலும் பெயர் வரும். நான் மாறியது டிஜிகேம் என்ற இலவச, திறமூல மென்பொருளுக்கு. முதலில் இருபது படங்களை மட்டும் கொண்டு போய்ப் பார்த்தேன். தூணைப் பிடித்துக் கொண்டு நிற்பவரின் முகத்தைச் சுற்றி ஒரு கட்டமும், அதன் கீழே 'ஜவுளிக்கடை மாமா' என்ற எழுத்தும் வந்தன. பிறகுதான் மற்றதை மாற்றினேன்.

மாற்றும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஸ்கேன் செய்த படத்தின் கோப்பில் ஸ்கேன் செய்த நாள்தான் இருக்கும். 1962 கல்யாணம் 2010 மே மாதத்தில் போய் உட்கார்ந்து கொள்ளும். எடுத்த தேதியை நாமே திருத்தி எழுத வேண்டும். இரண்டாவது, கேமராக்கள் கோப்புப் பெயருக்கு 9999 வரைதான் எண் கொடுக்கும், பிறகு முதலிலிருந்து தொடங்கும். இரண்டு ஃபோல்டர்களை ஒன்றாகக் கொட்டினால் ஒன்றின் மேல் இன்னொன்று விழலாம். மூன்றாவது, வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் உள்ளே எழுதிய விவரங்கள் உதிர்ந்து விடும். ஊரில் இருப்பவர்களிடம் பழைய படம் கேட்டால், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சங்கதி. 2000 வாக்கில் திஸ்கி, தாப் எழுத்துருக்களில் அடித்த குறிப்புகள் யாரிடமாவது இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி விடுவது நல்லது. தமிழைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். 'சித்தி' என்று எழுதினால் அவர் யாரென்று தெரியும். ஆங்கிலத்தில் 'ஆன்ட்டி' என்று எழுதினால் அத்தையா, சித்தியா, எதிர்வீட்டுக்காரரா என்று யார் கண்டது?

இப்போதைய மென்பொருள்கள் கெட்டிக்காரத்தனமானவை. நாய், கடற்கரை, பிறந்தநாள் கேக் என்று கேட்டால் தேடிக் கொடுக்கும். ஒரே முகத்தை ஐம்பது படங்களில் கண்டுபிடிக்கும். ஆனால் அது யார் என்று நம்மைத்தான் கேட்கும். நமக்கும் தெரியாது என்றால் ஊரில் இருக்கும் ஒரு பெரியவரைக் கேட்க வேண்டும். நாக்பூரில் பிறந்த என் மகளுக்கு, அந்தக் கல்யாணப் பந்தியில் இருப்பவர்களை நேரில் பார்த்துத் தெரிந்து கொள்ள வழி கிடையாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மடிக்கணினியையும் எடுத்துக் கொண்டு போங்கள். அம்மாவையோ பெரியப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மத்தியானம் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். எழுதியது கோப்புக்குள் போனதா என்று ஒரு படத்தை வேறு கணினியில் திறந்து பாருங்கள். எந்த மென்பொருளும் பத்து, பதினைந்து வருடத்துக்கு மேல் நம்மோடு வராது என்ற கணக்கில்தான் வேலை செய்ய வேண்டும். பெரியவர்கள் விஷயத்திலும் அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான்.